பாப்லேட் மோகம் போதும். கூடையைப் பார்த்து மீன் வாங்குங்கள்!

மும்பைக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பம் முதலில் கற்றுக்கொள்வது மின்சார ரெயிலில் ஏறுவது. அடுத்தது, குழாயில் தண்ணீர் வரும் நேரம். மீன் வாங்கக் கற்றுக்கொள்ள மட்டும் பத்து வருஷம் ஆகிறது. சிலர் கடைசிவரை கற்றுக்கொள்வதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பையும் கையுமாகச் சந்தைக்குப் போகிறார்கள். "பாப்லேட் இருக்கா? சுர்மை இருக்கா?" என்று கேட்கிறார்கள். சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைத்துவிட்ட திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும், "என்ன இருந்தாலும் நம்ம ஊர் மீன் ருசி வராது" என்று ஒரு பெருமூச்சு!

ஊர் மீனுக்கு மட்டும் அப்படி என்ன தனி ருசி? அன்று பிடித்ததை அன்றே சமைத்தார்கள், அதுதான் ருசி. கடற்கரையில் என்ன இறங்கியதோ அதை வாங்கினார்கள். இங்கே வந்தபின் பெயரைக் கேட்டு வாங்குகிறார்கள். ஐஸ் பெட்டியில் ஐந்து நாள் கிடந்த பாப்லேட்டுக்கு, பக்கத்துக் கூடையில் இருக்கும் இன்றைய பாங்டாவைவிட நாலைந்து மடங்கு விலை கொடுக்கிறார்கள். மாதச் சம்பளக் குடும்பத்தில் இது சின்ன விஷயம் அல்ல. அந்தப் பணத்தில் வாரம் ஒரு நாளுக்குப் பதில் மூன்று நாள் மீன் சாப்பிடலாம். (மாட்டுங்காவின் சைவக் குடும்பங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், அவர்கள் மன்னிக்க வேண்டும்.)

பெயர்தான் வேறு, மீன் ஒன்றுதான்

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு மீன் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மராத்திப் பெயர்தான் தெரியாது. பெயர் தெரியாத மீனைக் கேட்க வெட்கம். அதனால் தெரிந்த இரண்டு பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பாப்லேட் என்பது நம்முடைய வாவல். சென்னைப் பக்கம் வவ்வால் என்பார்கள். சுர்மை என்பது வஞ்சிரம், அதாவது குமரிப் பக்கத்து நெய்மீன். இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவற்றில்தான் லாபம் இருக்கிறது. பாங்டா என்றால் கானாங்கெளுத்தி. குமரிக்காரர்களுக்கு அயிலை, தூத்துக்குடிக்காரர்களுக்குக் குமுளா. தார்லி என்பது சாளை, அதாவது மத்தி. ராவஸ் என்றால் காலா. வாக்டி என்று ரிப்பன்போல நீளமாகப் பளபளப்பது வாளை. மோரி என்பது சுறா. பிள்ளை பெற்ற வீட்டில் புட்டுச் செய்ய ஊரிலிருந்து கருவாடு வரவழைக்க வேண்டியதில்லை, இங்கேயே கிடைக்கும். மாக்குல் கணவாய். கோளம்பி இறால். திஸர்யா மட்டி. மாந்தேலி என்று தங்க நிறத்தில் சின்னச் சின்னதாகக் குவிந்திருப்பது நெத்திலிக் குடும்பம். மொறுமொறுவென்று பொரித்தால் முள்ளோடு தின்றுவிடலாம். ஜவ்ளா என்று காயவைத்து விற்பது, நம் பாட்டிமார் துவையல் அரைத்த சென்னாங்கூனியேதான்.

ஹல்வா என்று ஒரு மீன் உண்டு. பெயரைக் கேட்டதும் திருநெல்வேலிக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். அது கறுப்பு வாவல். மீன் நூல்களின்படி அது பாப்லேட்டின் சொந்தக்கார மீனே அல்ல, பாரை மீனுக்குத்தான் உறவு. பார்வைக்கு மட்டும் பாப்லேட்டின் அண்ணன்போல இருக்கும். சதை கெட்டி, குழம்புக்கு அருமை, விலையும் கீழே. வெள்ளை நிறம் இல்லை என்ற ஒரே குற்றத்துக்காக நம்மவர்கள் அதை ஒதுக்குகிறார்கள்.

கௌரவம் படுத்தும் பாடு

ஊரில் சாளைக் குழம்புச் சட்டியைச் சுரண்டச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள்தான் தாராவியிலும் அந்தேரியிலும் கல்யாணிலும் இருக்கிறார்கள். இங்கே வந்து நாலு காசு சேர்ந்ததும் சாளை "ஏழை மீன்" ஆகிவிட்டது. ஊரிலிருந்து மாமனார் வந்தால் பாங்டா வைக்கக் கூடாதாம். வைத்தால், "என்ன மாப்ளே, கம்பெனியில சம்பளம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டுவிடுவாராம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, எத்தனை மருமகன்கள் மாதக் கடைசியில் கடன் வாங்கி சுர்மை வாங்கியிருப்பார்கள்!

உண்மையில் உடம்புக்கு எது நல்லது என்று டாக்டரைக் கேட்டால், சாளையையும் பாங்டாவையும்தான் முதலில் சொல்வார். இருதயத்துக்கு வேண்டிய மீன் எண்ணெய் அவற்றில்தான் நிறைய. சிறிய மீன், சீக்கிரம் வளரும் மீன்; அதனால் பெரிய சுறாவில் சேருவதுபோல் பாதரசமும் அவற்றில் அவ்வளவு சேருவதில்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் பெரிய சுறாவைத் தவிர்த்துச் சிறிய மீன்களைச் சாப்பிடுவது நல்லது என்று சொல்வதும் இதனால்தான்.

கண்ணும் செவுளும் பேசும்

இனி, கூடைக்கு முன் உட்கார்ந்து பார்க்க வேண்டியதைப் பார்ப்போம். முதலில் கண். புதிய மீனின் கண் கண்ணாடிபோலத் தெளிந்து வெளியே பிதுங்கி நிற்கும். நாள் ஆக ஆகக் கலங்கி, உள்ளே குழி விழும். அடுத்தது செவுள். தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்போ சாம்பலோ ஆகியிருந்தால் எழுந்துவிடலாம். மூன்றாவது விரல். வயிற்றுக்கு மேலே சதையை அழுத்தினால் குழி உடனே நிமிர வேண்டும். குழி அப்படியே நின்றால் அந்த மீன் பல நாள் பயணம் செய்த மீன். கடைசியில் மூக்கு. புதிய மீனில் கடல் வாசனை மட்டும்தான் இருக்கும். மூக்கில் குத்தும் நெடி இருந்தால், எத்தனை மசாலா போட்டாலும் அது போகாது.

இந்த நாலு சோதனைக்கும் கோளிப் பெண்கள் கோபித்துக்கொள்வதில்லை. தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறவரைக் கண்டால்தான் அவர்களுக்குக் குஷி! கூடையில் மேலே இன்றைய மீனும் அடியில் நேற்றைய மீனும் இருப்பது உண்டு. அவர்களும் வியாபாரிகள்தான், வயிறு இருக்கிறது. அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னால் காட்டிவிடுவார்கள்.

பாப்லேட்டுக்கு மட்டும் தனியாக ஒரு சோதனை உண்டு. செவுளுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பால்போல வெள்ளையாக நீர் கசிந்தால் புதிது. சிவந்தோ கலங்கியோ வந்தால் பழையது. இது கோளிப் பெண்கள் பரம்பரையாகச் சொல்லும் கணக்கு. சுர்மையை வெட்டிய துண்டாகப் பார்த்து வாங்குவதைவிட, முழு மீனைக் காட்டச் சொல்லிக் கண்ணெதிரே வெட்டி வாங்குவது மேல். வாங்கும்போது தலையையும் கேட்க வேண்டும். துண்டுக்குக் கொடுக்கும் விலை தலைக்குக் கிடையாது. ஆனால் குழம்பின் ருசி முழுவதும் தலையில்தான்.

இறாலில் தலை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். தலை கறுத்து, தொட்டாலே கழன்று வந்தால் வேண்டாம். இறால் எடையில் தலையும் ஓடும் போனால் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நண்டு உயிரோடு இருக்க வேண்டும். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே தண்ணீர்தான். அடிவயிற்று மூடி அகலமாக இருந்தால் பெண், கூம்பி இருந்தால் ஆண். மட்டி வாய் மூடியிருக்க வேண்டும். திறந்திருப்பதைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். மூடாதது செத்தது. அதேபோல், வேகவைத்த பிறகும் திறக்காத மட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பாங்டா, சுர்மை, சூரை ஆகிய மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் மீனையே விட்டுவிடுகிறார்கள். பல நேரம் குற்றம் ஐஸ் போடாத கூடையிலும், வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஊர் சுற்றிவிட்டு வந்தவரிடமும்தான் இருக்கிறது. மீனும் ஐஸும் சரிக்குச் சரி எடை இருக்க வேண்டும் என்பது மீன்துறையில் பொதுவான கணக்கு. எனவே மற்றச் சாமான்களை முதலில் வாங்கிவிட்டு, கடைசியில்தான் மீன் கூடைக்கு முன் உட்கார வேண்டும். இறால், நண்டு சிலருக்கு நிஜமாகவே ஒத்துக்கொள்ளாது என்பதும் உண்மை. முதல் தடவை சாப்பிடுகிறவர் இரண்டு மூன்று துண்டோடு நிறுத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கிழமையும் மாதமும்

விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை அறிய ராகு காலம் பார்ப்பதுபோல் பஞ்சாங்கம் ஒன்றும் வேண்டாம். மராத்தியரின் விரத நாட்களைத் தெரிந்துகொண்டால் போதும். திங்கள், வியாழன், சனிக்கிழமைகளில் பல மராத்தியக் குடும்பங்கள் மீன் தொடுவதில்லை. புதன், வெள்ளி, ஞாயிறு அவர்கள் மீன் நாட்கள். நம்மவர்களும் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே பத்து மணிக்குப் போய் நிற்கிறார்கள்! வேலை நாளாக இருந்தாலும் வியாழக்கிழமை மாலை வீடு திரும்பும் வழியில் வாங்குகிறவருக்குக் கூட்டமும் இல்லை, விலையும் இல்லை. ஆனால் மாலையில் கண்ணும் செவுளும் பார்ப்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

மாதக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நம் கிழக்குக் கரையில் இந்தத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இங்கே தடைக்காலத்தில் விற்கும் பெரிய மீனெல்லாம் வேறு கரையிலிருந்து லாரியிலும் ரெயிலிலும் ஐஸில் வந்தவை, அல்லது குளிர்பதனக் கிடங்கிலிருந்து எடுத்தவை. அந்த இரண்டு மாதமும் "பாப்லேட் கொடு" என்று அடம்பிடிப்பது, பழைய சரக்கைக் கூடுதல் விலைக்குக் கேட்டு வாங்குவதாகும். 2018ல் கேரளத்திலும் கோவாவிலும் மீனில் பார்மலின் கலந்ததாக எழுந்த பரபரப்பு பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பேச்சு எல்லாம் தூரத்திலிருந்து வந்த மீனைப் பற்றித்தான். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர் கடற்கரை மீனை வாங்கினால் அந்தக் கவலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஆகஸ்டில் படகுகள் மீண்டும் போகும். சிராவணப் பௌர்ணமியன்று, அதாவது நம் ஊரில் ஆவணி அவிட்டம் வரும் அதே நாளில், கோளி மக்கள் கடலுக்குத் தேங்காய் படைத்து நாரளி பூர்ணிமா கொண்டாடுகிறார்கள். ஆனால் சிராவண மாதம் முழுவதும் பல மராத்தியக் குடும்பங்களில் மாமிசம் கிடையாது. வலையில் இறால் குவிகிறது. வாங்க ஆள் குறைவு. தமிழர்களுக்கு இது நல்ல காலம். அடுத்து புரட்டாசி வந்ததும் நம்மவர்கள் விரதம் இருக்கத் தொடங்க, மராத்தியர்கள் கூடையை மொய்ப்பார்கள். இரண்டு சமூகத்தின் விரதமும் ஒரே மாதத்தில் வராமல் போனது கோளிப் பெண்களின் அதிர்ஷ்டம்!

போம்பில்: பயப்பட வேண்டாம்

மும்பைக்கு வந்து வருஷக்கணக்கில் ஆகியும் போம்பிலைத் தொடாத தமிழர்கள் அநேகம். பார்த்தால் வழவழவென்று, கையில் நிற்காமல், முழுக்கத் தண்ணீராக இருக்கிறது. இதையா தின்பது என்று முகம் சுளிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குப் பாம்பே டக் என்று பெயர். வாத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காய்ந்த போம்பிலை ஏற்றிச் சென்ற பம்பாய்த் தபால் ரெயில், அதாவது "பம்பாய் டாக்", நாற்றமெடுத்ததால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். ரெயில்வேக்காரர்களுக்கும் பிடித்த கதைதான். ஆனால் போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதல் ரெயில் ஓடியது 1853ல். அதற்கு முன்பே அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. ஆகவே ரெயில் மேல் பழி போடுவதற்கு இல்லை.

மராட்டிய, குஜராத் கடலில்தான் இந்த மீன் மிகுதி. டோல் என்னும் பை போன்ற வலையைக் கடலில் கட்டி வைத்து, நீரோட்டம் கொண்டு வருவதைப் பிடிக்கிறார்கள். வாங்கும்போது பளபளப்பாக, வாய்ப்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். தலையை எடுத்து, நடுவே கீறி விரித்து, இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக் குழவியோ தண்ணீர்க் குடமோ பாரம் ஏற்றி அரை மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் எல்லாம் வடிந்துவிடும். பிறகு மிளகாய், மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல் தடவி, ரவையில் புரட்டித் தோசைக் கல்லில் பொரித்தால், மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய்! முள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். பல் விழுந்த தாத்தாவும் பல் முளைக்கும் பேரனும் ஒரே தட்டில் சாப்பிடலாம். குழம்பில் போடுவதானால், புளிக்குழம்பு கொதித்து முடிந்தபின் கடைசியில் போட்டு, இரண்டு கொதியில் இறக்கிவிட வேண்டும். கரண்டி போடக் கூடாது; சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். கரண்டி போட்டவருக்கு மீன் கிடைக்காது, கஞ்சிதான் கிடைக்கும்.

உள்ளங்கை பாப்லேட்

பாப்லேட்டைச் சாப்பிடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நல்ல மீன். கல்யாண நாள், பிறந்த நாள் என்று வரும்போது, கண்ணும் செவுளும் பார்த்துப் பெரியதாக ஒன்று வாங்கலாம். வேண்டாம் என்று சொல்வது சின்னப் பாப்லேட்டை. உள்ளங்கையில் அடங்குகிற அளவில் கூறு கட்டி, "மலிவு, மலிவு" என்று கூவுவார்கள். நம்மவர்கள், விலை குறைந்த பாப்லேட் ஆயிற்றே என்று விழுந்து வாங்குகிறார்கள். அவை இன்னும் ஒரு முறைகூட முட்டை போடாத குஞ்சுகள். அந்தக் கூறு முழுதும் சேர்ந்தாலும் ஒரு வேளைக் குழம்புக்குத்தான் காணும். கடலில் விட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு ஆகியிருக்கும்.

இது வெறும் தர்ம உபதேசம் அல்ல. மராட்டிய அரசு 2023ல் வெள்ளைப் பாப்லேட்டை மாநில மீன் என்று அறிவித்ததே, அது குறைந்துகொண்டு வருகிறது என்ற கவலையால்தான். பால்கர் மாவட்டத்துச் சாத்பாட்டி மீனவர்கள் பாப்லேட்டுக்குப் பேர் போனவர்கள். அவர்களே இந்தக் குறைவைப் பற்றிக் குரல் கொடுத்தவர்கள். அதே 2023ல் 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்து அரசு உத்தரவு போட்டது. அதன்படி 135 மில்லிமீட்டருக்குக் குறைந்த பாப்லேட்டைப் பிடிக்கக் கூடாது. கேரளம் 2015லேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. சின்ன மீன் சந்தையில் இருக்கிறது. அதிகாரி வந்து பிடிப்பார் என்று காத்திருந்தால் அதற்குள் பாப்லேட் தீர்ந்துவிடும். வாங்குகிறவர் கை நீட்டாவிட்டால் அந்த வலையை யார் போடப் போகிறார்கள்? போம்பில் வலையில் குஞ்சுகளும் தானாக வந்து மாட்டுகின்றன என்று மீனவர்கள் சொல்வது உண்மைதான். வலைக் கண்ணின் அளவை அரசாங்கமும் மீனவர் சங்கங்களும் பேசித் தீர்க்க வேண்டும். அதுவரைக்கும் சந்தையில் அந்தக் கூறுக்கு நல்ல விலை கிடைக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

மாவ்ஷி என்று கூப்பிட்டால் போதும்

மராத்தி வராது என்ற கூச்சத்தால் இளம் தம்பதிகள் பலர் போன் மூலம் பெட்டி மீன் வரவழைக்கிறார்கள். அவசரத்துக்கு அது தப்பில்லை. சுத்தம் செய்து, ஐஸ் வைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் கண் இல்லை, செவுள் இல்லை. தலை வெட்டிய துண்டு எத்தனை நாள் துண்டு என்று யாருக்குத் தெரியும்? சுத்தம் செய்வதற்கு முந்திய எடை ஒன்று, பிந்திய எடை ஒன்று என்று இரண்டு போட்டிருப்பார்கள்; எந்த எடைக்கு விலை என்று பார்த்துத்தான் கூடையோடு ஒப்பிட வேண்டும்.

கோளிப் பெண்ணிடம் வாங்க மராத்தி இலக்கணம் தேவையில்லை. "மாவ்ஷி" என்று கூப்பிட வேண்டும். சித்தி, பெரியம்மா என்பதுபோல் மரியாதையான சொல். "தாஜா ஆஹே கா?" என்றால் புதியதா? "கிதீலா?" என்றால் என்ன விலை? "சாப் கரூன் த்யா" என்றால் சுத்தம் செய்து கொடுங்கள். இந்த மூன்று வாக்கியத்தில் வாழ்நாள் முழுவதும் மீன் வாங்கிவிடலாம். அவர்கள் பெரும்பாலும் எடை போடுவதில்லை. "வாட்டா" என்று குவியல் வைத்து விற்பார்கள். நம் ஊர்க் கூறுதான். பெரிய மீன் ஜோடிக் கணக்கில் போகும். ஒரே மாவ்ஷியிடம் நாலு வாரம் தொடர்ந்து வாங்கினால், ஐந்தாவது வாரம் அவரே, "இன்றைக்கு சுர்மை வேண்டாம், பாங்டா எடு" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தை பெட்டி மீனில் கிடைக்காது.

அந்தப் பெண்கள் படும் பாட்டையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும். விடியுமுன் கொலாபாவில் 1875ல் கட்டிய சசூன் டாக்கிலும், மஜ்காவ் பக்கம் பாவுச்சா தக்காவிலும் ஏலம் எடுத்து, கூடையோடு மின்சார ரெயிலின் சாமான் பெட்டியில் ஏறி, அம்பர்நாத், விரார் வரைக்கும் மீனைக் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். இந்த நகரத்தின் பெயரே அவர்கள் கும்பிட்ட மும்பாதேவியின் பெயர். ஹார்பர் லைனில் குரு தேக் பகதூர் நகர் என்று இன்று பலகை தொங்கும் நிலையத்துக்கு முன்பு கோலிவாடா என்றே பெயர். சந்தைக் கட்டடங்கள் பழுதாகிவிட்டன என்று ஒவ்வொன்றாகக் காலி செய்யப்படுகின்றன. கிராபோர்டு மார்க்கெட் பக்கத்துச் சிவாஜி மண்டை மீன் சந்தைக்கு 2021ல் அந்த நிலை வந்தது. வாடிக்கைக்காரர் போனிலும், சந்தை வேறு ஊரிலும் என்று ஆகிவிட்டால், தலையில் கூடை சுமக்க அடுத்த தலைமுறை வராது. தாராவித் தமிழர்களுக்கு இது தெரியாத கதை அல்ல. அவர்களுக்குப் பக்கத்திலேயே தாராவிக் கோலிவாடா இருக்கிறது.

தட்டில் வந்த பிறகு

மீனே சாப்பிட்டுப் பழகாத மருமகளோ நண்பரோ வீட்டில் இருந்தால், முதல் நாளே முள் நிறைந்த மீனைத் தட்டில் வைத்துப் பயமுறுத்தக் கூடாது. சுர்மைத் துண்டு, இறால், போம்பில் இவற்றில் தொடங்கலாம். பிறகு பாங்டா. அதில் நடு முள் ஒன்றுதான் பெரிது. பக்கவாட்டுக் கோட்டில் விரலால் கீறினால் சதை மேலும் கீழுமாகப் பிரிந்து வந்துவிடும். கத்தி, முள்கரண்டியால் பாங்டா சாப்பிட முயல்கிறவர் பட்டினிதான் கிடப்பார்.

சமையலில் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை, அதிக நேரம் கொதிக்கவிடுவது. ஆட்டுக்கறிப் பழக்கம்! இறால் நிறம் மாறிச் சுருண்டதும் இறக்கிவிட வேண்டும். கணவாய் இரண்டு நிமிஷத்தில் இறங்க வேண்டும். தவறினால் அரை மணிக்கு மேல் வேக வேண்டும். இடையில் எடுத்தால் ரப்பர் செருப்பு. பாங்டாவுக்கு நம் புளிக்குழம்பு இருக்கிறது. கோளி வீட்டு முறையில் கோக்கம் புளி போட்டும் பார்க்கலாம். சட்டியில் ஒரு இரவு இருந்த பாங்டாக் குழம்பு மறுநாள் காலை இட்லிக்கு என்னவாக இருக்கும் என்பதை நெல்லைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மும்பை வெயிலில் அதை முதல் நாள் இரவே நன்றாகச் சூடாக்கி, ஆறவைத்து, பிரிட்ஜில் எடுத்து வைத்துவிடுவது நல்லது.

தடைக்கால இரண்டு மாதத்துக்கும் வழி இருக்கிறது. வெர்சோவாவிலும் மட் தீவிலும் உத்தனிலும் மூங்கில் பந்தலில் ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டுக் காயவைத்த போம்பில், ஜவ்ளா, இறால் கருவாடு எல்லாம் கோடைக்குள் சந்தைக்கு வந்துவிடும். வளைத்தால் முறிய வேண்டும். கையில் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. உப்புப் பூத்து ஈரம் தட்டியிருந்தால் வேண்டாம். வாங்கியதை ஒரு நாள் வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவைத்தால் மழை முடியும்வரை வரும். மழை மேகம் தெரிந்துவிட்டால் மராத்திய வீடுகள் எல்லாம் இதற்குத்தான் கிளம்பும், விலை ஏறிவிடும். மே மாத நடுவிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.